ஒரே ஊர், இரண்டு பானை

பொங்கலை வெளிநாட்டு நண்பருக்கு விளக்க வேண்டி வந்தால் நம்மில் பலர் யோசிக்காமல் சொல்வது ஒன்றுதான்: "உங்க ஊர் தேங்க்ஸ்கிவிங் மாதிரி." விளக்கம் தப்பில்லை, கொஞ்சம் சோம்பேறித்தனமானது. தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு இது போதவும் போதாது. அவர் ஊரிலேயே பொங்கலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு சாப்பாடு இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா வைத்துக் காய்ச்சி ஊற்றும் கேழ்வரகுக் கூழ். இரண்டையும் நன்றிச் சாப்பாடு என்று சொல்லலாம். எதற்காக நன்றி, எந்தத் தானியத்தைக் கொண்டு நன்றி, யார் கையிலிருந்து யார் கலத்துக்கு என்று கேட்டுக்கொண்டே போனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் முகம் வைத்திருப்பது தெரியும்.

முதலில் மண்ணைப் பார்த்துவிடுவோம். தருமபுரி மானாவாரி நாடு. காவிரி ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து, வந்த வேகத்தில் மேட்டூருக்குப் போய்விடுகிறது. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீர் தஞ்சைக்குப் பெரும்பேறு, தருமபுரிக்கு வேடிக்கை. தென்பெண்ணை, சின்னாறு, வாணியாறு ஆகியவை கொஞ்சம் நிலத்தை நனைக்கின்றன. மிச்சமெல்லாம் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியது. அதனால் கேழ்வரகு, சாமை, கம்பு, சோளம், நிலக்கடலை, துவரை, அவரை. பாலக்கோட்டுத் தக்காளியும் மாந்தோப்பும் மரவள்ளியும் பிற்பாடு பரவியவை. நெல் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த சிலருக்குத்தான். வீட்டுச் சாப்பாடு களி. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் என்று வயதானவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ரேஷன் அரிசி காலூன்றிய பிறகுதான் களி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு தைப்பொங்கல் பானைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பச்சரிசி, வெல்லம், பால். காவிரிப் படுகைக்காரர் தன் வயலில் அறுத்த புது நெல்லைக் குத்திப் பானையில் போடுகிறார். அவருக்குப் பொங்கல் நேர்க்கணக்கு. தருமபுரிப் புன்செய்க்காரர் போடும் அரிசி பெரும்பாலும் அவர் நிலம் தந்ததல்ல. கடையில் வாங்கியது, அல்லது ரேஷனில் வந்தது. ஆனி ஆடியில் விதைத்த கேழ்வரகு கார்த்திகை மார்கழிக்குள் அறுத்து, அடித்து, தூற்றி வீட்டுக்கு வந்திருக்கும். அது மூட்டையாக மூலையில் கிடக்க, வாசலில் சூரியனுக்கு வைப்பது அயல்மண் அரிசி. அறுவடைத் திருநாளில் அறுத்ததற்கு இடமில்லை!

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் வீட்டில் இருப்பதைவிட ஒரு படி மேலானதை வாங்கிவந்து போடுவது எங்கும் உள்ள பழக்கம். ஆனாலும் அந்த மரியாதைக்கு அடியில் ஒரு கூச்சம் ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. நம் கொல்லையில் விளைவது நமக்கு; சாமிக்கு அரிசிதான் என்ற கூச்சம்.

மண் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதில்லை. பானையில் இடம் கிடைக்காவிட்டால் குழம்பில் ஏறிக்கொள்கிறது. கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராக அவரை போடுவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். கேழ்வரகை அறுத்து எடுத்த பிறகும் அவரைக் கொடி நிற்கும். பனி இறங்க இறங்கப் பூத்துக் காய்க்கும். தை பிறக்கும்போது கொட்டை திரண்டிருக்கும். பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அந்த அவரையின் பச்சைக் கொட்டை சேர்த்துக் கொதிக்கும் பொங்கல் குழம்பில் இருப்பது முழுக்க முழுக்க உள்ளூர் விளைச்சல். தருமபுரிப் பொங்கலின் நிஜமான அறுவடைப் படையல் இந்தக் குழம்புதான் என்பது என் கட்சி. காப்புக்கட்டுக்கும் இதே கதை. வீட்டுக் கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கொல்லையிலும் செருகுகிற பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் இந்த வறண்ட மண்ணில் தானாக வருபவை.

கரும்பு விஷயத்தில் தருமபுரிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தகடூர் ஆண்ட அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் (99) சொல்லியிருக்கிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. ஆலைக்குப் போகும் கரும்பு வேறு, பொங்கலுக்குக் கட்டுகிற செங்கரும்பு வேறு என்பதால், ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவரும் பொங்கலுக்கு ஒரு ஜோடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

தைப்பொங்கலைவிட மறுநாள் மாட்டுப்பொங்கல் எனக்குக் கனமானதாகத் தெரிகிறது. சூரியனுக்கு நன்றி சொன்னால் அதைச் சூரியன் கேட்டதா என்பது நம் நம்பிக்கையைப் பொறுத்தது. மாடு எதிரே நிற்கிறது. ஏரியில் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வண்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றி, பொங்கலையும் பழத்தையும் பிசைந்து அதன் வாயில் ஊட்டிய பிறகுதான் வீட்டுக்காரர் இலைக்கு வருகிறார். உழைத்தவருக்கு முதல் கவளம் என்ற முறை இவ்வளவு பச்சையாக வேறு எந்தப் பண்டிகையிலும் இல்லை. ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினம் இந்த மேட்டு நிலத்து உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனது. இப்போது அதன் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. உழவு டிராக்டர் கைக்குப் போக, கொட்டகையில் நிற்பது கலப்பினக் கறவை. அதற்கும் கொம்பில் வண்ணம் பூசுகிறார்கள். டிராக்டர் ஆயுத பூஜையோடு சரி. மாட்டுப்பொங்கலில் அதற்குப் பங்கு கேட்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

மாட்டுக்குக் கடன்பட்ட ஊர், மாட்டுக்காகச் செத்தவனையும் மறக்கவில்லை. தருமபுரி மாவட்டம் நடுகல் நாடு. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி விழுந்த வீரர்களின் கற்கள் கொல்லைமேடுகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. நகரத்து அகழ்வைப்பகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல இன்றைக்கும் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடப்படுகின்றன. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவரும் அதற்குப் பொங்கல் வைக்கத் தவறுவதில்லை.

மாட்டுக்கு ஊட்டிவிட்ட கை, ஆளுக்கு எப்படிக் கொடுத்தது? களத்துமேட்டிலேயே வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர், பறையடித்தவர், ஏர் ஓட்டிய பண்ணையாள் ஆகியோருக்கு மரக்காலால் அளந்து போட்ட காலம் உண்டு. பொங்கலன்று அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் அரிசி, காய்கறி, கரும்பு, வேட்டி. வாங்கியவர் கும்பிட்டு வாங்கினார். கும்பிட வேண்டியவர் உண்மையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர். பொங்கலில் நன்றி மேலே சூரியனுக்கும் பக்கத்தில் மாட்டுக்கும் போனது. கீழே உழைத்த மனிதருக்குப் போகும்போது இனாமாக உருமாறிவிட்டது. பொங்கல் வாழ்த்து மடல்கள் இந்தப் பக்கத்தைப் படம் போடுவதில்லை.

இனி ஆடிக்கு வருவோம். ஆடி என்பது குதிரின் அடி தெரிகிற மாதம். போன மார்கழியில் வந்த கேழ்வரகு ஏழெட்டு மாதத்தில் கரைந்திருக்கும். அடுத்த விதைப்பு இப்போதுதான் நடந்துகொண்டிருக்கும், அல்லது மழைக்குக் காத்திருக்கும். காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். கையில் காசும் இருக்காது. இருந்த காசு விதைக்கும் உழவுக்கும் போயிருக்கும். இப்படிப்பட்ட மாதத்தில்தான் ஊர் தன் கடைசித் தானியத்தில் ஒரு பங்கை எடுத்து, அண்டாவில் காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறது. கேழ்வரகு பூச்சி அரிக்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும் தானியம் என்பதால்தான் ஆடிக்கும் கொஞ்சம் மிஞ்சுகிறது. பொங்கலில் கொடுப்பது நிறைந்த வீட்டின் கொடை. ஆடியில் கொடுப்பது குறைந்த வீட்டின் கொடை. எது பெரிது என்று கேட்டால் நான் தயங்க மாட்டேன்.

கூழ் காய்ச்சுவதும் லேசுப்பட்ட வேலையில்லை. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். அரிசி நொய்யோ கம்பு நொய்யோ வெந்ததும் புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும்; அண்டாவானால் இரண்டு பேர் மாறி மாறி. கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறிய பிறகு மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டால் கூழ். பக்கத்தில் முருங்கைக் கீரைப் பொரியலோ மோர் மிளகாயோ கருவாட்டுக் குழம்போ. கோயிலில் கரகம் சோடித்து, உடுக்கை அடித்து, மாவிளக்கு எடுத்து வந்த பெண்கள் சுற்றி நிற்க, வேப்பிலை போட்டு அம்மனுக்குப் படைத்துவிட்டு ஊற்ற ஆரம்பிப்பார்கள். வரிசையில் நிற்பவர் கையில் தூக்குப்போசியோ சொம்போ. வழியில் போகிறவரும் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும் டிரைவரும் வாங்கிக் குடிக்கலாம். யார் வீடு, எந்த ஊர் என்று கேட்பதில்லை.

பொங்கல் அப்படி அல்ல. ஊரே ஒரே நாளில் பொங்கினாலும் அடுப்பு வீட்டுக்கு வீடு தனி. உன் பானை பொங்கியதா என்று பக்கத்து வீட்டைக் கேட்கலாம். அந்தப் பானையில் உனக்குப் பங்கு இல்லை, கிண்ணத்தில் கொடுத்தனுப்பினால் உண்டு. கூழுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு மாவு, இவ்வளவு பணம் என்று வசூலித்து எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டிவிடுகிறார்கள். கொதித்த பிறகு எது யார் வீட்டு மாவு என்று பிரிக்க முடியாது.

எதற்கு நன்றி என்ற கேள்விக்கு இங்கே பதில் மாறுகிறது. பொங்கல், வந்ததற்கு நன்றி. விளைச்சல் வந்தது, வெயில் வந்தது, மாடு உழைத்தது. கூழ், வராமல் போனதற்கு நன்றி. அம்மை வரவில்லை, வாந்திபேதி வரவில்லை, போன வருஷம் நேர்ந்துகொண்டபடி குழந்தை பிழைத்தது. பெரியம்மை 1975-ல் இந்தியாவை விட்டே போனது. கூழ் போகவில்லை. வராமல் போனவற்றுக்குக் கணக்கு வைத்துக்கொள்வது மனித மனதுக்குச் சுலபமல்ல. விளைந்த மூட்டையை எண்ணலாம், வராத காய்ச்சலை எண்ண முடியாது. அதற்கென்று வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கிவைத்த கிராமத்துப் பெண்களின் புத்தியை நான் மெச்சுகிறேன். கூழில் பாதி வேண்டுதலும் கலந்திருக்கிறது என்பது உண்மைதான். விதைத்தது முளைக்க வேண்டும், மழை இறங்க வேண்டும். நன்றியை முன்பணமாகக் கட்டிவிடுகிறார்கள்.

ஆடிப்பெருக்கும் இதே மாதம், இதே குணம். ஆடி 18-ல் ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கலவைச் சோறோ சுடச்சுட வறுத்த மீனோ சாப்பிட்டு, காவிரியைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். நெடுங்காலம் அந்த ஆறு இவர்களுக்குப் பாய்ச்சலுக்கும் உதவவில்லை, குடிக்கவும் வீடு தேடி வரவில்லை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைத்துக்கொண்டிருந்தபோதும் கும்பிடு தவறவில்லை. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்ட பிறகுதான் காவிரி குழாய் வழியாக மாவட்டத்து ஊர்களுக்கு ஏறியது. கும்பிட்டைக் கடனாகக் கொடுத்துவந்த ஊர்க்காரர் கடைசியில் வட்டியோடு வாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் கூழுக்கு வருவோம். தாது வருஷப் பஞ்சம் (1876–78) சேலம் ஜில்லாவைச் சூறையாடியபோது தருமபுரி அந்த ஜில்லாவின் பகுதி. சர்க்கார் திறந்த கஞ்சித் தொட்டிகளில் வரிசையில் நின்றவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அங்கே ஊற்றியதும் கஞ்சிதான், அம்மன் கோயிலில் ஊற்றுவதும் அதே மாதிரித் திரவச் சாப்பாடுதான். தொட்டியில் நின்றவருக்குத் தலை குனிந்தது. கோயிலில் நிற்பவருக்குக் குனிவதில்லை. நிலபுலன் உள்ளவரும் பக்கத்திலேயே சொம்போடு நிற்கிறாரே! கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தால் தானம் சாப்பாடாகிவிடுகிறது. பொங்கல் வாசலில் நடக்காதது இங்கே நடக்கிறது.

கூழுக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கிய பிறகு அதன் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். யாரையும் கேட்பதில்லை என்று மேலே எழுதினேன். அது வழிப்போக்கருக்கு. அதே ஊர்த் தலித் காலனிக்காரருக்கு வேறு கோயில், வேறு நாள், வேறு அண்டா என்பதுதான் பல ஊர்களின் நடைமுறை. காலனியிலிருந்து தலைக்கட்டு வரி வாங்குவதா வேண்டாமா என்பதே தமிழ்நாட்டு ஊர்த் திருவிழாக்களில் தகராறாக வெடித்திருக்கிறது. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டுமே. 2012 நவம்பர் 7-ல் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிக்கப்பட்டதை இந்த மாவட்டம் மறந்துவிட முடியாது. எரித்தவர்களும் வீடு எரிபட்டவர்களும் கும்பிடுவது ஒரே மாரியம்மனைத்தான்.

தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்க விருந்தை ஆரம்பத்தில் ஒதுக்கினேன். இந்த இடத்தில் அது பயன்படுகிறது. 1620-ல் பிளிமத்தில் இறங்கிய சுமார் 100 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்தார்கள். மறு வருஷம் மக்காச்சோளம் விளைந்ததும் பிழைத்தவர்கள் விருந்து வைத்தார்கள். வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் ஏறக்குறைய 90 ஆட்களோடு வந்து, 5 மான்களைக் கொண்டுவந்து கொடுத்து, மூன்று நாள் உடனிருந்தார். விளைந்ததற்கும் நன்றி, சாகாமல் தப்பியதற்கும் நன்றி. நம் தையும் ஆடியும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி. 1863-ல் லிங்கன் அதைத் தேசிய நாளாக அறிவித்தார். பந்திக்கு மான் கொண்டுவந்தவர்களின் வாரிசுகள் நிலத்தை இழந்தார்கள். 1970-லிருந்து அதே நாளில் அதே பிளிமத்தில் பழங்குடிகள் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். பந்தியில் உட்கார முடியாதவர் தன் கணக்கை வெளியில் நின்று உரக்கப் படிக்கிறார். தருமபுரியில் அப்படி ஒரு நாள் கிடையாது. காலனியின் தனி அண்டாவே அந்தக் கணக்குதான் என்று சொல்லலாம்.

அரசாங்கத்துக்குப் பொங்கலைத் தெரியும், கூழை அவ்வளவாகத் தெரியாது. 2024 பொங்கலுக்கு ரேஷன் கடையில் 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு, 1,000 ரூபாய். தஞ்சாவூருக்கும் அதே பை, பென்னாகரத்துக்கும் அதே பை. இத்தனைக்கும் சிறுதானிய ஆண்டான 2023-ல் நீலகிரியோடு தருமபுரியையும் தேர்ந்தெடுத்து, ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது இதே அரசுதான். உள்ளூர் விவசாயிகளிடமிருந்தே கேழ்வரகைக் கொள்முதலும் செய்தார்கள். 2023–24-க்கான ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். மாதாமாதம் கேழ்வரகு போடத் தெரிந்த கடை, பண்டிகை வந்ததும் பச்சரிசிக்குத் திரும்பிவிடுகிறது. அன்றாடத்துக்கு நம் தானியம், சாமிக்கு அரிசி என்ற பழைய கூச்சம் அரசாணைக்குள்ளும் நுழைந்துவிட்டது.

தருமபுரிக்கு மட்டும் பொங்கல் பையில் பச்சரிசியின் இடத்தில் சாமையை வைத்துப் பார்க்கலாம். அரூர் பக்கம் சித்தேரியிலும் சிட்லிங்கியிலும் மலைக்காரர்கள் விளைவிப்பதுதான். சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் அதைத் தீட்டிப் பையில் போட்டு விற்கவே செய்கிறது. சாமையில் பொங்கல் நன்றாகவே வரும். அரிசியைவிடச் சீக்கிரம் வேகும். அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், பால் வழக்கம்போல் பொங்கும். முதல் வருஷம் மாமியார்கள் முணுமுணுப்பார்கள், சாமிக்கு இது ஆகுமா என்று. அவர்களை மாரியம்மன் கோயில் பூசாரியிடம் அனுப்பலாம். இத்தனை ஆடியாகக் கேழ்வரகைப் படைத்ததற்கு அம்மன் ஒரு தடவையாவது கோபித்துக்கொண்டாளா என்று அவரே சொல்லட்டும்.